மேடை நடிகை ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது எப்படி: கோலாலம்பூரிலிருந்து ரூத் கிராக்னெல்லைத் தேடும் வழி

ஆஸ்திரேலிய நடிகை ரூத் கிராக்னெல்லைப் பற்றி எழுத உட்காரும் எவர் கைக்கும் முதலில் வந்து சேர்வது ஒரு தொலைக்காட்சித் தொடர்தான். அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி, 1984 முதல் 1994 வரை ஆறு பருவங்களாக, மொத்தம் 42 பகுதிகளாக ஒளிபரப்பிய ‘மதர் அண்ட் சன்’ என்ற நகைச்சுவைத் தொடரில், நினைவு தடுமாறும் முதிய தாய் மேகி பியராக அவர் நடித்தார். நாடு முழுவதும் அவர் முகத்தை அறியச் செய்தது அந்தப் பாத்திரம். ஆனால் தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 58. அதற்கு முன்பே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அவர் வானொலியிலும் மேடையிலும் உழைத்திருந்தார். அந்த நாற்பது ஆண்டுகளைக் கண்டெடுத்து எழுதுவதே உண்மையான வேலை. அதை விட்டுவிட்டுத் தொலைக்காட்சியிலிருந்து தொடங்கும் கட்டுரை, எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், அவருடைய வாழ்க்கை வரலாறு ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

சிட்னிக்கோ மெல்பர்னுக்கோ போகாமல், கோலாலம்பூரில் இருந்துகொண்டே, பெரிய செலவின்றி இதைச் செய்ய முடியும். பல்கலைக்கழக மாணவர்கள், தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவோர், நாடக மன்றங்களின் சிறப்பு மலர்களுக்குக் கட்டுரை தருவோர் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிமுறையை எழுதுகிறேன். வானொலி, அங்கத மேடை, செவ்வியல் நாடகம், திரைப்படம், தொலைக்காட்சி என்று ஐந்து துறைகளில் நடித்தவர் என்பதாலும், ஒவ்வொரு துறையின் பதிவும் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது என்பதாலும் ரூத் கிராக்னெல்லை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். அவர் தலைமுறையைச் சேர்ந்த எந்த ஆஸ்திரேலியக் கலைஞரையும் இதே வழியில் தேடலாம்.

முதலில் ஆண்டு வரிசை

எதையும் வாசிக்கத் தொடங்குவதற்கு முன், 1925 முதல் 2002 வரையிலான ஆண்டுகளை ஒரு நீண்ட தாளிலோ கணினி அட்டவணையிலோ ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள். உறுதியான செய்திகளை மட்டும் முதலில் பதியுங்கள். 1925 ஜூலை 6ஆம் நாள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மெய்ட்லண்ட் நகரில் பிறந்தார்; 1940களில் சிட்னியில் வானொலி நாடக நடிகையானார்; 1950களின் தொடக்கத்தில் லண்டன் சென்று திரும்பினார்; 1957இல் எரிக் பிலிப்ஸை மணந்தார்; 1980இல் ‘ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா’ விருதின் உறுப்பினர் நிலையைப் பெற்றார்; 1997இல் தன்வரலாறு வெளிவந்தது; 1998இல் கணவரை இழந்தார்; 2001இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியின் லோகி விருதுகளில் புகழாளர் வரிசையில் சேர்க்கப்பட்டார்; 2002 மே 13ஆம் நாள் சிட்னியில் காலமானார். இவற்றை எழுதி முடித்தவுடன் அட்டவணையில் எங்கெல்லாம் வெற்றிடம் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நீங்கள் தேட வேண்டியவை அந்த வெற்றிடங்களே.

அதே அட்டவணையில் பக்கத்துப் பத்தியாக அக்காலத்து நாடக, ஒலிபரப்பு வரலாற்றையும் எழுதுங்கள். சிட்னியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையாகத் தொடங்கிய நாள் 1956 செப்டம்பர் 16. அப்போது ரூத் கிராக்னெல்லுக்கு வயது 31. குரலால் மட்டுமே பாத்திரத்தை உருவாக்கும் பயிற்சி அவருக்கு அதற்குள் பல ஆண்டுகளாகக் கைவந்திருந்தது. இந்த ஒரு செய்தியை அருகில் வைத்துப் பார்க்கும்போதே, பின்னாளில் மேகி பியரின் குரலில் கேட்கும் ஏற்ற இறக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பது விளங்கத் தொடங்கும். நம் வாசகர்களுக்கு இதை எளிதாகப் புரியவைக்கலாம். மலேசியாவில் தொலைக்காட்சி வந்தது 1963 டிசம்பர் 28ஆம் நாள். அதற்கு முந்தைய தலைமுறையினர் வானொலித் தமிழ் நாடகங்களைக் கேட்டு, முகம் அறியாத நடிகர்களைக் குரலாலேயே அடையாளம் கண்டவர்கள். அப்படி வளர்ந்த பெரியவர்கள் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் இன்றும் இருக்கிறார்கள். வாய்ப்பிருந்தால் எழுதுவதற்கு முன் அவர்களில் ஒருவரிடம் பேசுங்கள். வானொலி நாடகம் ஒரு வீட்டில் எப்படிக் கேட்கப்பட்டது என்பதை அறிந்தவரால் சிட்னியின் வானொலி நாடகக் காலத்தைப் பற்றிக் கூடுதல் உணர்வோடு எழுத முடியும்.

டிரோவில் தேடுதல்

இனி வருவது இந்த வேலையின் மிகச் செழிப்பான பகுதி. கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய நூலகம் ‘டிரோவ்’ என்ற இணையச் சேமிப்பகத்தை நடத்துகிறது. பழைய நாளிதழ்களையும் வார இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அவற்றின் எழுத்துகளைத் தேடக்கூடிய வடிவில் இலவசமாக வழங்குகிறது. கணக்குத் திறக்காமலேயே வாசிக்கலாம். கணக்குத் திறந்தால் கண்டெடுத்த பக்கங்களைப் பட்டியலாகச் சேமித்துக்கொள்ளலாம்.

எந்த இதழ் எந்த ஆண்டு வரை இருக்கிறது என்பதை அறியாமல் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பதிப்புரிமை காரணமாகப் பெரும்பாலான நாளிதழ்கள் 1954உடன் நின்றுவிடுகின்றன; ‘சிட்னி மார்னிங் ஹெரால்ட்’ அவற்றில் ஒன்று. சிட்னியின் பிலிப் ஸ்ட்ரீட் நாடக அரங்கு, பாட்டும் அங்கதமும் கலந்த குறுங்காட்சிகளை மேடையேற்றத் தொடங்கியது சரியாக அதே 1954இல்தான். ரூத் கிராக்னெல் அந்த மேடையில் பெயர் பெற்ற நகைச்சுவை நடிகைகளில் ஒருவர். எனவே அவர் வாழ்வின் மிக முக்கியமான கட்டத்தை அந்த நாளிதழில் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1933 முதல் 1982 வரை ‘ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி’ இருக்கிறது. ‘கான்பரா டைம்ஸ்’ 1995 வரை இருக்கிறது. நாடக விமர்சனங்களுக்குப் பேர் போன ‘புல்லட்டின்’ வார இதழும் இருக்கிறது. 1939 முதல் 1959 வரை வந்த ‘ஏபிசி வீக்லி’ இதழில் வானொலி நிகழ்ச்சி நிரல்கள் நடிகர் பெயர்களோடு கிடைக்கின்றன. என் அனுபவத்தில் மிகுந்த பயன் தருவது இந்த நிகழ்ச்சி நிரல்கள்தாம். விமர்சகர் கவனிக்காமல் விட்ட சிறு பாத்திரம்கூட அங்கே நாளும் நேரமுமாகப் பதிவாகியிருக்கும்.

தேடும்போது பெயரை ஆங்கில எழுத்தில் மேற்கோள் குறிகளுக்குள் இட்டு, பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறையாகக் காலத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். அக்கால நாளிதழ்கள் நடிகைகளை ‘மிஸ்’ என்ற சொல்லோடு குடும்பப் பெயரால் மட்டுமே குறிப்பிட்ட இடங்கள் ஏராளம். ஆகவே ‘மிஸ் கிராக்னெல்’ என்றும் தனியாகத் தேட வேண்டும். அச்சு மங்கிய பக்கங்களில் கணினி எழுத்துகளைத் தவறாக வாசித்திருக்கும் என்பதால் குடும்பப் பெயரின் நடு எழுத்துகளை மாற்றிப் பார்ப்பதும் பலன் தரும்.

இந்த நடிகையைப் பொறுத்தவரை இரண்டு குழப்பங்களைத் தனியே கவனிக்க வேண்டும். மெல்பர்ன் தியேட்டர் கம்பெனி 1988இல் சைமன் பிலிப்ஸ் இயக்கத்தில் மேடையேற்றிய ஆஸ்கார் வைல்டின் 1895ஆம் ஆண்டு நகைச்சுவை நாடகத்தில் அவர் லேடி பிராக்னெல்லாக நடித்துப் பெரும் பாராட்டுப் பெற்றார். அதே நாடகத்தில் ஜெஃப்ரி ரஷ்ஷும் நடித்தார். நடிகையின் பெயரும் பாத்திரத்தின் பெயரும் ஓரெழுத்து வேறுபாட்டில் இருப்பதால், வேறு நடிகைகள் அந்தப் பாத்திரத்தை ஏற்ற செய்திகளும் உங்கள் தேடலில் வந்து கலந்துவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, பக்கத்தின் படத்தை நேரில் வாசித்த பிறகே குறிப்பெடுங்கள். இரண்டாவது, ‘மதர் அண்ட் சன்’ தொடரை ஏபிசி 2023இல் டெனிஸ் ஸ்காட்டை வைத்துப் புதிதாகத் தயாரித்தது. இணையத்தில் பொதுவாகத் தேடினால் புதிய தொடரின் செய்திகளே மேலே வரும் என்பதால், பழைய தொடரின் எழுத்தாளர் ஜெஃப்ரி ஆதர்டனின் பெயரையோ, மகன் ஆர்தராக நடித்த கேரி மெக்டோனால்டின் பெயரையோ சேர்த்துத் தேட வேண்டும்.

கண்டெடுத்த ஒவ்வொரு செய்திக்கும் இதழின் பெயர், நாள், பக்க எண், டிரோவ் தரும் நிலையான முகவரி ஆகிய நான்கையும் உடனே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், அதே பக்கத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பதற்குள் முதல் முறை தேடியதைவிடக் கூடுதல் நேரம் போய்விடும்.

மேடைப் பதிவுகள்

ஆஸ்திரேலிய மேடை நிகழ்ச்சிகளுக்கென்றே ‘ஆஸ்ஸ்டேஜ்’ என்ற தரவுத்தளம் இருக்கிறது. அடிலெய்டில் உள்ள பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு இயங்குகிறது. ஒரு கலைஞரின் பெயரைத் திறந்தால், அவர் எந்த நாடகத்தில், எந்த அரங்கில், எந்த நாளில், எந்தப் பணியில் இருந்தார் என்பது வரிசையாக வரும். அந்த வரிசையை உங்கள் ஆண்டு அட்டவணையில் அப்படியே பதியலாம். ஆனால் ஒரு நாடகம் அங்கே இல்லை என்பதால் அது நடக்கவே இல்லை என்று பொருளில்லை. சிறிய குழுக்களின் பழைய நிகழ்ச்சிகள் இன்னும் சேர்க்கப்பட்டுவரும் தரவுத்தளம் அது. நாளிதழ் விளம்பரமும் தரவுத்தளமும் முரண்பட்டால், நாடகம் நடந்த வாரத்திலேயே அச்சான விளம்பரத்துக்கே முதலிடம் கொடுங்கள்.

அவரோடு மேடையில் உழைத்தவர்களை அறிய, ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் வெளியிடும் ஆஸ்திரேலிய வாழ்க்கை வரலாற்று அகராதி உதவும். அது இறந்த ஆண்டின் அடிப்படையில் தொகுக்கப்படுவது. அதன் பத்தொன்பதாம் தொகுதி 1991 முதல் 1995 வரை மறைந்தவர்களைச் சேர்ந்தது. எனவே 2002இல் மறைந்தவருக்கு அதில் பதிவு இருக்காது. ஆயினும் சிட்னியில் 1930இல் இண்டிபெண்டன்ட் தியேட்டரைத் தொடங்கிய டோரிஸ் ஃபிட்டன் போன்றோரின் பதிவுகளை வாசித்தால், அக்காலத்தில் அந்நகரில் ஒரு நடிகை பிழைப்பு நடத்துவது எவ்வளவு கடினமாக இருந்தது என்பது புரியும். பகலில் வானொலியில் குரல் கொடுத்துச் சம்பாதித்து, அந்த வருவாயைக் கொண்டு இரவில் மேடையில் நிற்பதே பலருடைய வாழ்க்கையாக இருந்தது.

திரைப்படங்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஃபிரெட் ஷெப்பிசி 1978இல் இயக்கிய ‘தி சாண்ட் ஆஃப் ஜிம்மி பிளாக்ஸ்மித்’, 1994இல் முதன்மைப் பாத்திரம் ஏற்ற ‘ஸ்பைடர் அண்ட் ரோஸ்’ ஆகிய இரண்டையும் குறிப்பிட்டால் போதும். ஒலி, ஒளிப் பதிவுகளைப் பற்றிய விவரங்களுக்குக் கான்பராவில் உள்ள தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகத்தின் அகப்பக்கத்தைப் பாருங்கள். மின்னஞ்சலில் கேள்வி அனுப்பினால் எதைத் தேடுகிறீர்கள் என்பதை ஆண்டோடு சேர்த்துத் தெளிவாக எழுதுங்கள். தொலைபேசியில் பேச நினைத்தால், கான்பரா நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது என்பதையும், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை அங்கே கடிகாரத்தை மாற்றுவதால் அது மூன்று மணி நேரம் ஆகிறது என்பதையும் நினைவில் வைத்து, காலையிலேயே அழையுங்கள்.

உள்ளூரில், ஜாலான் துன் ரசாக்கில் உள்ள மலேசிய தேசிய நூலகத்திலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் ஆஸ்திரேலிய நாடக வரலாறு பற்றிய ஆங்கில நூல்களைப் பட்டியலில் தேடலாம்; இல்லாத நூலை வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா என்று நூலகரிடம் கேளுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணைய நாளிதழ்த் தொகுப்பில் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ இதழின் பழைய பக்கங்கள் உள்ளன. மலாயாவுக்கு வந்து நடித்த ஆஸ்திரேலியக் குழுக்களைப் பற்றி எழுதுவோருக்கு அது பெரிதும் உதவும்.

தன்வரலாற்றை எப்படி நம்புவது

ரூத் கிராக்னெல் 1997இல் எழுதிய தன்வரலாற்றின் தலைப்பிலேயே அது பக்கச்சார்புள்ள நினைவுக்குறிப்பு என்று அறிவித்துவிட்டார். அதை அந்த அறிவிப்போடுதான் வாசிக்க வேண்டும். நாள்களுக்கும் ஆண்டுகளுக்கும் நாளிதழை நம்புங்கள். ஒரு பாத்திரத்தை ஏற்கும்போது அவர் என்ன நினைத்தார், எந்த நடிகரோடு நடிப்பது அவருக்கு மகிழ்ச்சி தந்தது, எதற்கு அஞ்சினார் என்பதற்குத் தன்வரலாற்றை நம்புங்கள். ஒத்திகையில் நடந்ததை எந்த நாளிதழும் எழுதுவதில்லை. அவர் வாக்கியம் ஒன்றை மேற்கோளாகத் தமிழில் தர விரும்பினால், மூலத்தில் உள்ள பக்க எண்ணைக் குறிப்பில் வைத்துக்கொண்டு, சுருக்காமலும் கூட்டாமலும் மொழிபெயருங்கள்.

குடும்பச் செய்திகளில் ஓர் எல்லை வேண்டும். 1998இல் இருவரும் வெனிஸ் சென்றிருந்தபோது கணவர் நோயுற்றதையும், அதன் பின் நேர்ந்த இழப்பையும் ரூத் கிராக்னெல் தாமே 2000இல் வெளியிட்ட இரண்டாவது நூலில் எழுதினார். அவர் தாமாகவே சொன்னவற்றை இரண்டு, மூன்று வாக்கியங்களில் மரியாதையோடு எழுதலாம். பிள்ளைகள் மூவர் இருந்தனர் என்பதைத் தாண்டி அவர்களைப் பற்றி எழுத நமக்கு உரிமையில்லை என்றே நான் கருதுகிறேன்.

நடிப்பை எழுத்தில் கொண்டுவருதல்

பெரும்பாலான வாழ்க்கை வரலாறுகள் தோற்றுப்போவது இங்கேதான். “சிறந்த நடிப்பை வழங்கினார்”, “அனைவர் மனத்தையும் கவர்ந்தார்” என்ற தொடர்களை எந்த நடிகைக்கும் எழுதிவிடலாம். அவற்றால் வாசகருக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதற்குப் பதிலாக ‘மதர் அண்ட் சன்’ தொடரின் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மூன்று முறை பாருங்கள். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை படத்தைப் பாராமல் குரலை மட்டும் கேளுங்கள். மூன்றாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு முகத்தையும் கைகளையும் மட்டும் கவனியுங்கள். வானொலியில் பயின்றவர் என்பது இரண்டாம் முறையிலும், மேடையில் பயின்றவர் என்பது மூன்றாம் முறையிலும் உங்களுக்கே புலப்படும்.

அந்தத் தொடரின் உயிர் ஓர் ஐயத்தில் இருக்கிறது. மேகி உண்மையிலேயே மறந்துவிட்டாரா, அல்லது தாம் விரும்பியதைச் சாதிக்க மறதியைக் கருவியாக்குகிறாரா என்பது மகன் ஆர்தருக்குத் தெரியாது. பல இடங்களில் பார்ப்பவருக்கும் தெரியாது. மணவாழ்வு முறிந்து தாயோடு வாழ வந்த மகன் ஒருபுறம். பொறுப்பிலிருந்து நழுவிவிடும் பல் மருத்துவரான மற்றொரு மகன் ராபர்ட் மறுபுறம். அவராக நடித்தவர் ஹென்றி செப்ஸ். இருவருக்கும் இடையில் அந்த ஐயத்தைப் பத்தாண்டுகள் கலையாமல் காத்தது ரூத் கிராக்னெல்லின் நடிப்பு. ஒரு கேள்விக்கும் அவர் தரும் பதிலுக்கும் இடையே எவ்வளவு நேரம் விடுகிறார், அந்த நேரத்தில் கண் எங்கே போகிறது என்பதை எழுதுங்கள். ஒரு காட்சியை இப்படி விரித்து எழுதினால் விருதுப் பட்டியல் சொல்லாததை அது சொல்லிவிடும்.

நம் வாசகர்களில் பலர் வீட்டில் நினைவிழந்த பெற்றோரைக் கவனித்துக்கொண்டிருப்பவர்கள். பாட்டியின் மறதியைச் சிரிப்புக்குரியதாக்கிய தொடர் என்று எழுதினால் அவர்களுக்கு அது வலிக்கும், உண்மையும் அதுவன்று. பராமரிக்கும் மகனின் களைப்பும், பராமரிக்கப்படும் தாயின் தனிமையும் அந்தத் தொடரில் சம எடையோடு இருக்கின்றன. அந்த இரண்டையும் உங்கள் கட்டுரையில் கொண்டுவாருங்கள். பாத்திரத்தின் மறதியை நடிகையின் மேல் ஏற்றும் தவறு எந்த வாக்கியத்திலும் நேர்ந்துவிடாமல், ‘மேகி’ என்று எழுத வேண்டிய இடத்தையும் ‘ரூத் கிராக்னெல்’ என்று எழுத வேண்டிய இடத்தையும் கடைசி வாசிப்பில் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

கட்டுரையின் அளவைப் பிரிக்கும்போது, 1984க்கு முந்தைய வாழ்வுக்குப் பாதிக்குக் குறையாமல் இடம் ஒதுக்குங்கள். பிறப்பிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயமில்லை. சிட்னி வானொலி நிலையத்தின் ஒலிவாங்கிக்கு முன்னாலிருந்து தொடங்கி, பிறப்பையும் பள்ளியையும் பிறகு ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். விருதுகளை அவை கிடைத்த ஆண்டில் கதையோடு கதையாகச் சொல்லுங்கள்; ‘ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா’ போன்ற அரசு விருதுகளின் ஆண்டை ஆஸ்திரேலிய அரசின் விருதுப் பட்டியலில் ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியிடும் முன்னும் பின்னும்

படங்களில் கவனம் தேவை. ஆஸ்திரேலியாவில் 1955க்கு முன் எடுக்கப்பட்ட நிழற்படங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை முடிந்துவிட்டது. அதன் பின் எடுத்தவற்றுக்கு, குறிப்பாகத் தொடரின் காட்சிப் படங்களுக்கு, உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். இணையத்தில் கிடைத்தது என்பது அனுமதி ஆகாது. அனுமதி வரவில்லையென்றால் படமின்றி வெளியிடுவதே முறை.

டிரோவில் நீங்கள் வாசித்த பக்கங்களில் கணினி தவறாகப் படித்த சொற்களை வாசகர்களே திருத்தலாம். கட்டுரைக்குப் பயன்பட்ட பக்கங்களையாவது திருத்திவிடுங்கள். ஒரு பத்திக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும், அடுத்துத் தேடுபவருக்கு அந்தப் பெயர் முதல் முறையிலேயே கிடைத்துவிடும். கட்டுரை அச்சு மலரில் வந்தால், 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி மலரின் படிகளைத் தேசிய நூலகத்தில் சேர்க்கும் பொறுப்பு பதிப்பிப்பவருக்கு உண்டு என்பதை மன்றச் செயலாளரிடம் மலர் அச்சுக்குப் போகும்போதே சொல்லி, படிகளை அதற்கென ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.